குட்டியானைக்காரர் சொன்ன வேலை

எங்கள் தெரு அண்ணன் ஒருவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்தொன்பது வருஷம் ஒரே கம்பெனியில் சி.என்.சி. சூப்பர்வைசர். போன வருஷம் ஆர்டர் இல்லையென்று கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. வழக்கம்போல டிபன் டப்பாவோடு ஆவடியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, கேட்டுகளில் தொங்கும் ‘ஆட்கள் தேவை’ போர்டுகளைப் படித்தபடி ஒரு மாதம் நடந்தார். போர்டில் இருபத்தைந்து வயசுப் பையன்களைத்தான் கேட்கிறார்கள். இவருக்கு 47.

“ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டீங்களாண்ணே?” என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

“யாரைக் கேட்கறது? எல்லாரும் அதே கம்பெனி. மொத்தமா வெளியேதானே நின்னோம்!”

இந்தச் சிக்கலை 1973-லேயே எழுதிவைத்திருக்கிறார் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். அவர் போய் விசாரித்ததும் ஒரு புறநகரில்தான். பாஸ்டனை ஒட்டிய நியூட்டன். தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களிடம், ‘தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டார். ‘அடிக்கடி’ என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு உதவியது, எப்போதாவது கண்ணில் படுகிற ஆள். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். அரைகுறைப் பழக்கக்காரர் வேறு வட்டத்திலிருந்து வருகிறார். லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வும் 2022-ல் கிட்டத்தட்ட இதையே சொன்னது. ஆனால் பொதுவான நண்பர்களே அறவே இல்லாதவரால் அவ்வளவு பலனில்லையாம்.

அண்ணனுக்கு வாய்த்தவர் டீக்கடையில் தலையாட்டுகிற ஒரு குட்டியானை டிரைவர். நாலு வருஷப் பழக்கம், பேச்செல்லாம் கிரிக்கெட்டும் மழையும்தான்.

“என்ன சார், பத்து மணிக்கு இங்க நிக்கறீங்க?”

மனைவியிடம் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டார். அவர் என்ன நினைப்பாரோ என்ற பயம் இல்லை பாருங்கள்! தினமும் பத்து கம்பெனி வாசலில் லோடு இறக்குகிறவர் அந்த டிரைவர்.

“பூந்தமல்லி தாண்டி, திருமழிசையில ஒரு இடம் சார். நைட் ஷிஃப்ட்டுக்கு ஆளில்லாம ஓனரே மிஷின்ல நிக்கறாரு. போய்ப் பாருங்க.”

அவர் சிபாரிசு எதுவும் செய்யவில்லை. டிராயிங்கைக் கொடுத்து, வெர்னியரைக் கையில் திணித்து, ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள். சம்பளம் மூவாயிரம் குறைவு. அன்றைக்கு ராத்திரிதான் வீட்டில் இரண்டையும் சேர்த்துச் சொன்னார், வேலை போனதையும் கிடைத்ததையும். அதற்கு விழுந்த திட்டு தனிக் கதை.

முதல் சம்பளத்தில் ஸ்வீட் பாக்ஸோடு டீக்கடைக்குப் போனார். இவர் போனில் டிரைவர் நம்பர் இன்னமும் ‘குட்டியானை பட்டரவாக்கம்’ என்றுதான் இருக்கிறது.

“பேரைக் கேட்டிருக்கலாமேண்ணே?”

“நாலு வருஷம் கழிச்சு எப்படிப்பா கேட்கறது? கூச்சமா இருந்துச்சு.”