கப்பல் போன பிறகு...

நம்ம ஊர் நர்ஸுகள் இல்லாத தேசம் உலகத்தில் உண்டா என்பது எனக்குச் சந்தேகம். நாகர்கோவிலில் ஏதாவது ஒரு தெருவில் ஒரு கதவைத் தட்டிப் பாருங்கள். மகள் குவைத்தில் இருப்பாள். மருமகள் லண்டனில் நைட் டூட்டியில் இருப்பாள். அதனால் 'வெளிநாட்டு வேலை' என்றால் இங்கே யாரும் அசந்துபோவதில்லை.

ஆனால், எங்கள் சொந்தத்தில் ஒரு பெண், "ரெண்டு மாசம் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக் கப்பல்ல வேலை பார்க்கப் போறேன்" என்றதும் வீடு ரெண்டுபட்டது.

"ஏட்டி, சம்பளம் டாலர்லதான உண்டும்?" - இது அத்தை.

"சம்பளமே கிடையாது அத்தே. பிளேன் டிக்கெட்டும் நாமதான் எடுக்கணும்."

"அப்பம் அவனுவ ஒனக்குத் தாறது என்னவாம்?"

"வேலை!"

அத்தை வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டார். கோபத்தின் உச்சம் அதுதான்!

விஷயம் இதுதான். 'மெர்சி ஷிப்ஸ்' என்று ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். 1978ல் ஆரம்பித்தது. இவர்களுடைய கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நிற்கும். முகத்தில் வளர்ந்த கட்டி, பிளவுபட்ட உதடு, வளைந்த கால், கண்புரை... எல்லாவற்றுக்கும் இலவச ஆபரேஷன். 'குளோபல் மெர்சி' என்ற கப்பலில் மட்டும் 6 ஆபரேஷன் தியேட்டர்கள்! டாக்டரிலிருந்து சமையல்காரர் வரை பெரும்பாலும் தொண்டர்கள்தான்.

எல்லாம் கேட்ட பிறகு அத்தை ஒரு கேள்வி போட்டார் பாருங்கள்...

"சரி மக்கா. நீ ரெண்டு மாசத்துல வந்திருவே. கப்பலும் ஒருநா போயிரும். அதுக்கப்புறம் அந்த ஊருக்காரன் வயித்துவலின்னா யாருட்ட போவான்?"

சபாஷ்! பெரிய பெரிய மாநாடுகளில் கேட்கவேண்டிய கேள்வி. ஆனால், இதற்குப் பதில் தேடி ஆப்பிரிக்கா வரை போகவேண்டாம். திங்கள்சந்தைக்குப் பக்கத்தில், நெய்யூரிலேயே இருக்கிறது.

1838ல், திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த காலத்தில், லண்டன் மிஷன் சார்பில் ஆர்ச்சிபால்ட் ராம்ஸே என்ற டாக்டர் நெய்யூருக்கு வந்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். ஜனங்கள் குவிந்தார்கள். சில வருஷங்களில் அவர் மிஷன் வேலையை விட்டுப் போனார். வைத்தியமும் அவர் பின்னாலேயே போய்விட்டது! 1852ல் சார்லஸ் லீச் வந்தார். மறுபடி கூட்டம். பாவம், 1854ல் முட்டத்தில் கடலில் குளிக்கப் போனவர் மூழ்கி இறந்தார். மறுபடி எல்லாம் நின்றது.

அதாவது, கப்பல் ரெண்டு தடவை வந்து, ரெண்டு தடவையும் போய்விட்டது!

மூன்றாவதாக 1861ல் வந்தவர் ஜான் லோ. இவர் வைத்தியம் பார்த்ததோடு நிறுத்தவில்லை. உள்ளூர்ப் பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது, மருந்தை எப்படிக் கலக்குவது, காயத்தை எப்படிக் கட்டுவது என்று எல்லாம். 1868ல் லோ ஊருக்குத் திரும்பினார். அடுத்த டாக்டர் தாம்ஸன் வந்தது 1873ல். நடுவில் 5 வருஷம்! வெள்ளைக்கார டாக்டர் யாரும் இல்லை. ஆனாலும், இந்தத் தடவை கதவு மூடவில்லை. அந்தப் பையன்களே நடத்தினார்கள்.

நெய்யூர் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது டாக்டர் சாமர்வெல். அது நியாயம்தான். 1922ல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயர் குழுவில் இருந்தவர். அந்த வேலை முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நெய்யூருக்கு வந்தார், விருந்தாளியாக! வாசலில் நோயாளிகள் வரிசை. உள்ளே தனியாளாகத் திண்டாடும் டாக்டர். இதைப் பார்த்தவர், லண்டன் ஆஸ்பத்திரி வாழ்க்கையை உதறிவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924ல் மறுபடி எவரெஸ்ட். ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் சுமார் 28,000 அடி! இறங்கும்போது தொண்டை அடைத்து உயிர் போகப் பார்த்தது. பிழைத்து வந்தவர் நேரே நெய்யூரில் கத்தியைக் கையில் எடுத்தார். குடல்புண் ஆபரேஷனில் கைராசிக்காரர் என்று பேர். கடைசியில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்து, இளம் டாக்டர்களுக்கு ஆபரேஷன் சொல்லிக்கொடுத்தார்.

ஆக, லோ செய்ததும் சாமர்வெல் செய்ததும் ஒன்றுதான். கிளம்பும் முன் கைத்தொழிலை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்கு அந்தக் கப்பல்காரர்களும் அந்தந்த நாட்டு டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். ரெண்டு மாசத்துக்குப் போகிறவர்கள்கூட, கூட நிற்கும் உள்ளூர்ப் பெண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால், கப்பல் போன பிறகும் வைத்தியம் நிற்கும்.

சாமர்வெல் பேரில் காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சந்தோஷம். அந்த 5 வருஷம் ஆஸ்பத்திரியைத் தாங்கிப் பிடித்த நம்ம ஊர்ப் பையன்கள் பேரில் ஒரு சந்துகூட நான் பார்த்ததில்லை.