அடைத்த புடைப்பும் ஆறாம் மாதப் படமும்

மூளை இரத்தநாளப் புடைப்புக்குக் காயில் வைத்து வீடு திரும்புகிறவரிடம், ‘அடைத்தாயிற்று, இனி அச்சமில்லை’ என்று சொல்லி அனுப்புவது நம் நாட்டில் எளிதாகிவிட்டது. அச்சொல் பாதி உண்மையே.

தொடையிடுக்குத் தமனி வழியே செலுத்தப்படும் நுண்குழாய் புடைப்பின் வாயை அடைகிறது. அதன்வழி இறங்கும் மெல்லிய பிளாட்டினச் சுருள்கள் உள்ளே நூற்பந்துபோல் சுருண்டுகொள்கின்றன. எவ்வளவு நெருக்கி வைத்தாலும் சுருள் நிரப்புவது புடைப்பின் கொள்ளளவில் ஏறக்குறைய கால்பங்குதான். எஞ்சிய இடத்தை உறைந்த இரத்தமே அடைக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வந்து மோதும் ஓட்டம் அச்சுருளை அழுத்திச் சுருக்கினால், கழுத்துப் பகுதி மீண்டும் திறக்கும். அகன்ற கழுத்தும் பெரிய உருவும் கொண்ட புடைப்புகளில் இது மிகுதி.

2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, வெடித்த புடைப்புடைய 2,143 பேரை எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் காயில் பிரிவில் 23.7 விழுக்காடு, மண்டையோட்டைத் திறந்து கிளிப் இட்ட பிரிவில் 30.6 விழுக்காடு. இவ்வெண்களை மேற்கோள் காட்டுவோர் பலர். அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, மறுசிகிச்சை காயில் பிரிவிலேயே கூடுதலாகத் தேவைப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்வோர் சிலர். காயிலைக் குறைகூற இது போதாது. மீண்டும் படமெடுத்துப் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதி என்பதற்குப் போதும்.

சிகிச்சையின்போதே புடைப்பு கிழிவதும், இரத்தக்கட்டி நகர்ந்து பக்கவாதம் வருவதும், சுருள் நழுவுவதும் உண்டு. இவை ஒப்புதல் படிவத்தில் அச்சாகியிருக்கின்றன. கசிவுக்குப் பிந்திய நாள்களில் நாளங்கள் இறுகுவதும் மூளையில் நீர் தேங்குவதும் பெரிதும் கசிவின் விளைவுகள். உறவினர் அவற்றையும் காயிலின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. படிவம் பேசாதது வீடு திரும்பிய பின்னான காலத்தைப் பற்றி.

ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனையிலிருந்து வெளியேறியபின் 15 நாள் செலவை ஏற்கிறது. முதல் மறுபரிசோதனைப் படமோ பெரும்பாலும் ஆறாம் மாதத்தில். அந்தத் தேதியைச் சிகிச்சைத் தொகுப்போடு பிணைத்து, பயணச் செலவையும் கணக்கில் கொள்ளாவிட்டால், தினக்கூலிக்காரர் வரமாட்டார். தலைவலி இல்லாதவர் ஏன் வரவேண்டும்?

வெளியேற்றக் குறிப்பும் நோயாளியின் மொழியில் இருக்கவேண்டும்: எத்தனை சுருள், என்ன உலோகம், ஸ்டென்ட் உண்டா, அடுத்த படம் எப்போது. பிளாட்டினச் சுருள் பொதுவாக எம்ஆர்ஐக்குத் தடையன்று; அது எழுதப்படாவிட்டால் ஸ்கேன் நிலையம் அவரைத் திருப்பி அனுப்பக்கூடும். ஸ்டென்ட் பெற்றவர், பல் பிடுங்குவதற்காக ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டில் இரத்தம் உறையலாம். இதையும் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் எழுதலாம்.