வார்த்தை செய்த வேலை

டாக்டர் பட்டத்துக்கு வேறு விஷயமா இல்லை, செத்துப்போன அதிகாரிகளின் சொற்களைக் கிளறுவானேன் என்று கேலி செய்கிறார்கள். 1840-ல் நியூஸிலாந்தில், 500-க்கு மேற்பட்ட மாவோரித் தலைவர்கள் வைதாங்கி உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். ஆங்கிலப் பிரதியில் ராஜ்யாதிகாரம் முழுவதும் ராணிக்குப் போயிற்று. மாவோரிப் பிரதியிலோ போனது 'காவனதங்கா' மட்டுமே. கவர்னர் என்ற சொல்லைத் திரித்துப் பாதிரிமார் செய்த வார்த்தை. நிலமும் தலைமையும் தங்களுக்கே என்றது அந்தப் பிரதி. பெரும்பாலோர் ஒப்பமிட்டது அதில்தான். ஆனால் நிலம் போயிற்று.

1972-ல் ரூத் ராஸ் அம்மையார் பிரதிகளைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு எழுதினார். 1975-ல், இரு பிரதிகளின் பொருளையும் நிர்ணயிக்கத் தனி நியாயசபையே அமைக்கவேண்டி வந்தது. சொல்லாராய்ச்சி வெட்டிவேலை என்னும் பெரியவர்களே, உங்கள் வீட்டுப் பத்திரத்தில் மூலத்தைப் பாராமல் கையெழுத்துப் போடுவீர்களா?