கல்லுப்பட்டியில் இருந்த ஆடிட்டர்



இன்று ஜனவரி 30. காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் காந்தி படமாக வந்துகொண்டிருக்கிறது. நல்லது, போடுங்கள். காந்தி போய்ச் சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, இதே தேதியில், 1960-ல் சென்னையில் இன்னொருவர் காலமானார். அவர் கடைசி வருஷங்களைக் கழித்தது நமக்குப் பக்கத்தில், மதுரை - ராஜபாளையம் சாலையில் உள்ள டி.கல்லுப்பட்டியில். அங்கேயும் கரிசல் மண்தான். ராஜபாளையம் பக்கம் பெண் கொடுத்த, எடுத்த நம் ஆட்கள் அந்த ஊர் வழியாக எத்தனை தடவை மதுரைக்குப் போயிருப்பார்கள்! பஸ் நிற்கும்போது ஒரு டீ குடித்திருப்பார்கள். ஜே.சி.குமரப்பா அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு குடிலில் இருந்தார் என்பது பத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

தெரிந்தவர்களும் அவரை ஒரு சாமியாராக்கி வைத்திருக்கிறார்கள். கதர் கட்டினார், எளிமையாக வாழ்ந்தார், கிராமத்தை நேசித்தார் என்று நாலு வரி. அதை எழுதியவுடன் அவர் சொன்னது எதையும் யோசிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. இதில் எனக்குச் சம்மதம் இல்லை. குமரப்பா அடிப்படையில் ஓர் ஆடிட்டர். கணக்கைத் திறந்து, யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று கேட்கிற ஆள். கடைசி வரைக்கும் அந்த வேலையைத்தான் பார்த்தார். வெள்ளைக்காரன் கணக்கைப் பார்த்தபோது சிறைக்குப் போனார். நம் ஆட்கள் கணக்கைப் பார்த்தபோது ஓரங்கட்டப்பட்டார்.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம். வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். குமரப்பா என்பது தாத்தா வழிப் பெயர், பிற்பாடு எடுத்துக்கொண்டது. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துத் தேறி, பம்பாயில் தொழில் நடத்தினார். கோட்டு சூட்டு, நல்ல வருமானம். 1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம், பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே செலிக்மன் என்ற பேராசிரியரிடம் அரசு நிதி பற்றிப் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். இவர் அரசாங்கத்தின் வரவு செலவை எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கிய வரி எங்கே போகிறது என்று பார்த்தார். ராணுவத்துக்கும், அதிகாரிகள் சம்பளத்துக்கும், கடன் வட்டிக்கும் போகிறது. வரி கொடுத்தவன் கைக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். மனிதர் திருந்தியது எந்த மேடைப் பேச்சையும் கேட்டல்ல, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததால்.

அந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டுதான் 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். பட்டுச் சூட்டோடு போனவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்தார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும் சூட்டோடு தரையில் உட்கார்ந்தார். காந்தி அந்த ஆராய்ச்சியைத் தம் 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்டார். அதோடு ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத் கேடா மாவட்டத்தில் மாதர் தாலுகாவில் 54 கிராமங்களுக்குப் போய், குடியானவனின் வரவு செலவை எழுதி வா என்றார். குஜராத்தி தெரியாத தமிழர், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் எழுதினார். கொலம்பியாவில் படித்த எத்தனை பேர் இந்த வேலைக்கு ஒத்துக்கொள்வார்கள்?

உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் 'யங் இந்தியா'வை நடத்திச் சிறைக்குப் போனார். 1931-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் உள்ள கடன் கணக்கைப் பார்க்கக் காங்கிரஸ் ஒரு குழு போட்டது. அதை ஒருங்கிணைத்தவர் இவர். ஆப்கானிஸ்தானில், பர்மாவில் வெள்ளைக்காரன் நடத்திய போர்ச் செலவு, 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு, கிழக்கிந்தியக் கம்பெனியை வாங்கிய விலை, இவ்வளவும் இந்தியாவின் கடன் என்று எழுதி வைத்திருந்தார்கள். நம்மை அடித்த கம்புக்கும் நம்மிடமே காசு. இது யார் கடன் என்று அந்த அறிக்கை வரி வரியாகக் கேட்டது. இரண்டாம் உலகப் போரிலும் அதே கதைதான். இங்கே சரக்கை எடுத்துக்கொண்டு லண்டனில் பற்று எழுதி வைத்தார்கள், இந்தியாவில் நோட்டு அடித்துத் தள்ளினார்கள், விலைவாசி ஏறியது. ரொட்டி கேட்டவனுக்குக் கல்லைக் கொடுக்கிறார்கள் என்று 1942-ல் கட்டுரை எழுதினார். மறுபடி சிறை.

நடுவில் ஒரு சம்பவம். 1934 பீகார் நிலநடுக்கத்தில் நிவாரண நிதிக் கணக்கு இவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர்களுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்திருந்தார். காந்தியும் அவருடைய ஆட்களும் வந்தார்கள். அந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்திக்கே அப்படி! அந்த வருஷக் கடைசியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது, நடத்தும் பொறுப்பைக் காந்தி இவரிடம்தான் ஒப்படைத்தார். நம்மூர்க் கோயில் கமிட்டிக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

ஜபல்பூர் சிறையில் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' 1945-ல் வந்தது. பிழைக்கிற வழிகளை அதில் ஐந்தாகப் பிரிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. நட்டு வளர்க்காமல் மாந்தோப்பில் பறித்துத் தின்னும் குரங்கு இன்னொரு வகை. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, எதையும் எதிர்பார்க்காத தாய். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளங்கும். எந்தத் தொழிலையும் இதில் ஒரு கட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். குமரப்பா பேரைச் சொல்லிக்கொண்டு, கையால் செய்தால் எல்லாம் நல்லது, எந்திரம் என்றால் எல்லாம் கெட்டது என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த 1980-களில் விடிவதற்கு முன்னாலேயே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயர் இருக்கும், வகுப்பில் இருபத்தைந்து தலை இருக்கும். தீக்குச்சி அடுக்கியதும் பெட்டி ஒட்டியதும் கைத்தொழில்தான், சின்னப் பிள்ளைகளின் கைத்தொழில். இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்தப் பஸ்ஸில் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கு வந்தவர்கள். மழை பெய்யாத சீமையில் அந்தக் கூலி அடுப்பு எரிய வைத்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் குமரப்பாவின் கட்டத்தில் அது தேனீ இல்லை, மாந்தோப்புக் குரங்கு. அவர் கேள்வி கையா எந்திரமா என்பதோடு நிற்கவில்லை. உழைத்தவனுக்கு என்ன மிஞ்சியது என்பது வரைக்கும் போனது.

போகிற போக்கில் ஒன்று. 'சிறியதே அழகு' எழுதிய ஷூமாக்கர் ஒரு ஜெர்மானியப் பொருளாதார அறிஞர். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் எதிரி நாட்டுக்காரர் என்று அடைத்து வைக்கப்பட்டவர். 1973-ல் வந்த அந்தப் புத்தகத்தில் குமரப்பாவை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் நம் ஊர்ப் படித்தவர்களில் சிலருக்குக் குமரப்பா பெரிய ஆள் ஆனார்.

இனி, நம் ஆட்களோடு அவர் பட்ட பாடு. 1938-ல் சுபாஷ் போஸ் ஏற்பாட்டில், நேரு தலைமையில் தேசியத் திட்டக் குழு அமைந்தது. அதில் உறுப்பினராக இருந்தார். பேச்செல்லாம் பெரிய ஆலைகளைப் பற்றியே போனதால் சில மாதத்தில் வெளியே வந்துவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு இவரைத் தலைவராகப் போட்டது. 1949 ஜூலையில் அறிக்கை கொடுத்தார். அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான வேலை இதுதான் என்பது என் கருத்து. கதரையும் செக்கையும் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அறிக்கையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

அறிக்கை சொன்னது இவ்வளவுதான். உழுகிறவனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் யாரும் கூடாது. விதவைகள், சிறு பிள்ளைகள், உடல் முடியாதவர்கள் தவிர யாரும் நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது. ஆறு வருஷம் தொடர்ந்து உழுதவனுக்கு அந்த நிலத்தில் உரிமை. ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் யாருக்கும் வேண்டாம். காங்கிரஸில் அன்றைக்கு இருந்த நிலக்காரர்களுக்கு இது எப்படி இனித்திருக்கும்? எட்டயபுரம் மாதிரி ஜமீன்கள் 1948 சட்டத்தில் போயின, சரி. நம் மாநிலத்தில் உச்சவரம்புச் சட்டம் வர 1961 ஆனது. அதிலும் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-ல் 15 ஆனது. அதற்குள் நிலம் எந்தெந்தப் பெயர்களுக்கு மாறியது என்று ஊரில் வயசானவர்களைக் கேளுங்கள்.

குமரப்பா 1951-ல் சீனாவுக்கும் அடுத்த வருஷம் ரஷ்யாவுக்கும் போய் வந்தார். அங்கே நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததைப் பாராட்டினார். சிவப்பாகிவிட்டார் என்று பேசினார்கள். அங்கே நடந்ததில் அவர் பார்க்காமல் விட்டது நிறைய என்பது என் அபிப்பிராயம், அந்த வகையில் அவரைக் குறை சொல்லலாம். ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்ல அவருக்குப் பயம் இருந்ததில்லை. கோபக்காரர், ரத்த அழுத்தக்காரர். உடம்பு முடியாமல் கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். குடிலில் இரண்டு படம் வைத்திருந்தார். பார்க்க வந்தவர்களிடம் காந்தி படத்தைக் காட்டி இவர் என் எஜமானர் என்பாராம். பக்கத்தில் இருந்த ஏழைக் குடியானவன் படத்தைக் காட்டி, இவர் என் எஜமானருக்கு எஜமானர் என்பாராம்.

இதையெல்லாம் இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. தை பிறந்து உளுந்தும் பாசியும் அடித்தாகிவிட்டது, மக்காச்சோளமும் வீடு வந்துகொண்டிருக்கிறது. நம் சொந்தத்திலேயே சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு இங்கே பிஞ்சையை வாரத்துக்கோ குத்தகைக்கோ விட்டிருப்பவர்கள் ஏராளம். என் மாணவர்களிலும் உண்டு. எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுச் சீட்டுக் கிடையாது. மழை ஏமாற்றினாலோ, அறுக்கிற நேரத்தில் கொட்டித் தீர்த்தாலோ, அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது. அது யார் கணக்கில் விழுகிறது? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்கில். விதை, உரம், உழவுக் கூலி, மருந்து எல்லாம் போட்டவன் கடனோடு நிற்கிறான். பயிர்க் காப்பீடு செய்யலாம் என்றால் அடங்கலில் அவன் பேர் இல்லை.

பேர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் வெறும் பிரமை என்று சொல்ல மாட்டேன். 1955-லிருந்தே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதனால்தான் எல்லோரும் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குமரப்பா கேட்ட அளவுக்கு உங்களை நான் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நிலத்தையே எழுதிக் கொடு என்றிருப்பார். முடிந்தவர்கள் வி.ஏ.ஓ.விடம் சொல்லி, உழுகிறவர் பேரை அடங்கலில் ஏற்றிக் கொடுங்கள். முடியாதவர்கள், நிவாரணமோ காப்பீட்டுத் தொகையோ உங்கள் கணக்கில் விழுந்தால் அன்றைக்கே அவருக்கு அனுப்புங்கள். அது உங்கள் நிலத்துக்குக் கொடுத்த பணம் இல்லை, செத்த பயிருக்குக் கொடுத்தது. பயிர் அவருடையது.

புரட்டாசி விதைப்புக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது. யார் யார் பிஞ்சையை யார் யார் உழுகிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவேன். சார் நம்பர் என்று பார்த்துவிட்டு எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.