கடை பூட்டினாலும் வாடகை ஓடும்!

2020 மார்ச் 25. நாடு முழுவதும் ஊரடங்கு. ஷட்டரை இறக்கச் சொன்னது அரசு. இறக்கினோம். வியாபாரம் நின்றது. வாடகை நின்றதா?

மார்ச் 29-ல் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளரையும் மாணவரையும் காலி செய்யச் சொல்லி நெருக்கினால் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பாயும். நல்ல உத்தரவுதான். ஆனால் ஊரடங்கு ஒரு மாதத்திலா முடிந்தது? கடை வாடகை பற்றி அதில் ஒரு வரியாவது உண்டா?

தமிழ்நாட்டுச் சட்டம் என்ன செய்தது? 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பாக்கி வைத்தவன் வேண்டுமென்றே வைத்தானா என்று கேட்டது. இல்லையென்று தெரிந்தால், கட்டுவதற்கு 15 நாள் வரை அவகாசம் தர இடமிருந்தது. அற்ப அவகாசம்தான். ஆனால் ‘ஏன் கட்டவில்லை?’ என்று கேட்க ஒரு சட்டம் இருந்தது!

2017-ல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்தது. இரண்டு மாத வாடகை பாக்கியா? நோட்டீஸ் வந்த ஒரு மாதத்தில் வட்டியோடு கட்டு. இல்லையேல் வெளியேறு. வேலை போனவனுக்கும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவனுக்கும் ஒரே தராசு! இதுவா நீதி?

சொந்த வீட்டு வாடகையை நம்பிப் பிழைக்கும் முதியவர்களும் விதவைகளும் உண்டு. அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. நெருக்கடியின் சுமையைக் குடியிருப்பவன் தலையில் மட்டும் ஏற்றாதே என்கிறோம். பாக்கியைத் தவணையில் கட்ட வழி செய். நெருக்கடி தீரும்வரை வெளியேற்றத்தை நிறுத்து. சிறிய உரிமையாளருக்கு அரசு கைகொடுக்கட்டும். இதை உத்தரவாக அல்ல, சட்டமாகவே எழுது!

வணிகச் சகோதரர்களே! நம்மிலும் கட்டடம் வைத்திருப்பவர்கள் உண்டு. பாக்கி வைத்தவனின் சாமானைத் தெருவில் எறிந்துவிட்டு, அரசிடம் நியாயம் கேட்க நமக்கு என்ன தகுதி?

இளைஞர்களே! வாய்ப்பேச்சை நம்பிக் குடியேறாதீர்கள். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தம் இல்லாததையே வெளியேற்றக் காரணமாக்குகிறது புதுச் சட்டம். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து விரட்டுவதை இதே சட்டம் தடுக்கிறது. துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள்.

அடுத்த நெருக்கடி தேதி சொல்லிவிட்டு வராது. அதற்கு முன் சட்டம் வரட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்!