'வரும், வரும்' என்ற விளையாட்டுக் கருவி

என் சித்தப்பா மகன் படிவம் ஐந்து படிக்கிறான். பெஸ்தாரி ஜெயாவில் வார இறுதிகளில் உணவுக்கடை ஒன்றில் வேலை செய்து கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறான். இன்னும் சந்தைக்கு வராத ஒரு வீடியோ கேம் கருவிக்கு 200 ரிங்கிட் முன்பணம் கட்டப்போவதாகச் சென்ற மாதம் சொன்னான். அதன் வெளியீடு ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பொருள கண்ணால பார்த்தியாடா?"

பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது என்று தம்பி சிரித்தான். ஆனால், உலகச் சந்தையில் நடந்தவற்றைப் பார்த்தால் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது.

2018 அக்டோபரில் அமெரிக்காவில் 'இன்டெலிவிஷன் அமிகோ' என்ற கருவி அறிவிக்கப்பட்டது. குடும்பத்தோடு விளையாடலாம், விளையாட்டுகளின் விலை 10 டாலரைத் தாண்டாது என்றார்கள். பெயரும் 1980-களில் புகழ்பெற்றிருந்த பழைய கருவியின் பெயர். பலர் 100 டாலர் முன்பணம் கட்டினார்கள். 2020 அக்டோபர் 10-இல் வெளிவர வேண்டிய கருவி, பெருந்தொற்றைக் காரணம் காட்டி 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. அடுத்து அக்டோபர் என்றார்கள். அதுவும் நடக்கவில்லை. 2022 பிப்ரவரியில் நிறுவனத் தலைவர் டாமி டல்லாரிகோ அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2024 மே மாதம் இன்டெலிவிஷன் என்ற பெயரை அட்டாரி நிறுவனம் வாங்கியது. அமிகோ அந்த விற்பனையில் சேரவில்லை.

அதற்கு முன்பே 'ஃபேன்டம்' என்ற கருவியின் கதை இருக்கிறது. 2003-இல் அறிவிக்கப்பட்ட அது கடைக்கு வரவே இல்லை. அதன் நிறுவனத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதிய ஓர் இணையத்தளத்தோடு அந்நிறுவனம் நீதிமன்றம் வரை மோதியது. 2006-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அதன் முன்னாள் தலைவர் மீதே வழக்குத் தொடுத்தது.

அப்படியானால் தாமதமாகும் எல்லாமே ஏமாற்றுதானா? இல்லை. அதற்குச் சான்று நம் நாட்டோடு தொடர்புடையது. 'பிளேடேட்' என்ற சிறிய கையடக்கக் கருவி மலேசியாவில் தயாரிக்கப்பட்டது. 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2020-இல் வரவேண்டியது அது. விற்பனைக்குத் தயாரான முதல் 5,000 கருவிகளைச் சோதித்தபோது சிலவற்றின் மின்கலம் பழுதாக இருந்தது தெரிந்தது. அதைத் தயாரித்த பேனிக் நிறுவனம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் மலேசியத் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பி, புதிய மின்கலம் பொருத்தச் சொன்னது. அந்தச் செய்தியைத் தானே வெளியிட்டது. 2022 ஏப்ரலில் கருவிகள் வாங்கியவர்களுக்குப் போய்ச்சேரத் தொடங்கின.

அமிகோவும் பிளேடேட்டும் ஒரே பெருந்தொற்றுக் காலத்தில்தான் தாமதமாயின. எனவே நாள் தள்ளிப்போவதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணத்தை நாம் சரிபார்க்க முடிகிறதா? கட்டி முடித்த பொருளை நிறுவனத்தைச் சாராதவர்கள் கையில் எடுத்துச் சோதித்திருக்கிறார்களா? கேள்வி கேட்பவருக்குப் பதில் கிடைக்கிறதா, வசை கிடைக்கிறதா? இந்த மூன்றையும் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

சிலாங்கூரின் வடபகுதித் தோட்ட மக்களுக்கு இது புதிய பாடம் அல்ல. நைகல் கார்டனர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தவர்கள். வீட்டையும் விளையாட்டுக் கருவியையும் ஒன்றாக வைக்க முடியாது. கருவி வராவிட்டால் 200 ரிங்கிட் போகும். வீடு வராவிட்டால் ஒரு தலைமுறையே போய்விடும். ஆனால் காத்திருந்தே பழகியவர்களுக்கு வாக்குறுதியை எடைபோடத் தெரியும். "எந்த நிலம், எப்போது சாவி?" என்று அவர்கள் கேட்பதை அவநம்பிக்கை என்று சொல்லக்கூடாது. எங்கள் பாட்டி கேட்டதும் அப்படிப்பட்ட கேள்விதான்.

மாணவர்களாகிய நம் பணம் பெரும்பாலும் பகுதி நேர வேலையிலோ கல்விக் கடனிலோ வருவது. முன்பணம் கட்டுவதானால், திரும்பப் பெறும் நிபந்தனையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; ரசீதையும் உரையாடலையும் சேமித்து வையுங்கள். விற்பவர் உள்நாட்டவராக இருந்தால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். வெளிநாட்டவர் என்றால் அந்த வழி எளிதல்ல. அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தம்பி இன்னும் பணம் கட்டவில்லை. மூன்று கேள்விகளையும் எழுதி விற்பவருக்கு அனுப்பியிருக்கிறான். இரண்டு வாரமாகிறது. பதில் வந்ததா என்று பாட்டிதான் தினமும் கேட்கிறார்.