பொடி எழுத்தில் ஒரு பொறுப்புத் துறப்பு

பழச்சுவைப் பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லை முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ சேர்க்கக் கூடாது என்று ஒன்றிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2025 அக்டோபர் 14 அன்று பிறப்பித்த உத்தரவை, ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் ஒருவரின் நெடும் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றியாகப் பலரும் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் அந்த உத்தரவு விலக்கிக்கொண்டது அதே அதிகாரிகள் 2022 ஜூலையில் வழங்கிய அனுமதியைத்தான் என்பதைக் கொண்டாட்டத்தில் மறந்துவிடுவதற்கில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் இத்தகைய பானங்களை ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றாக விளம்பரப்படுத்தும் போக்கைக் கண்டித்தவர்கள், மூன்றே மாதங்களில் இறங்கி வந்து, 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் அன்று' என்ற பொருள்பட ஒரு வரியை உறையில் அச்சிட்டால் போதும், பெயர் எப்படியும் இருக்கலாம் என்று இசைந்தனர்.

ஓ.ஆர்.எஸ். என்பது வயிற்றுப்போக்கால் உடல் இழக்கும் நீரையும் உப்புகளையும் வாய்வழியே ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கரைசல். சோடியமும் குளுக்கோஸும் உரிய விகிதத்தில் சேரும்போது சிறுகுடல் இரண்டையும் ஒருங்கே உறிஞ்ச, அவற்றோடு நீரும் உடலுக்குள் சேர்கிறது. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் காலராவுக்கு எதிராக மருத்துவர் திலீப் மகலனாபிஸ் கையாண்டது இதைத்தான். இன்றைய பொட்டலத்தின் 20.5 கிராமில் குளுக்கோஸ் 13.5 கிராம்; அதை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலத்தில் உள்ள இந்தக் குறிப்பைப் படிக்காமல் முழுப் பொட்டலத்தையும் ஒரே டம்ளரில் கலக்கிக் கொடுத்தால், குழந்தையின் இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறக்கூடும். சர்க்கரை மிகுந்துவிட்டாலோ, அது நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை மேலும் வலுவாக்கும். கடைகளில் விற்ற பானங்களில் இருந்தது, பரிந்துரைத்த அளவைப் பன்மடங்கு விஞ்சிய சர்க்கரை.

பெட்டியின் முகப்பில் பழங்களின் வண்ணப் படத்தோடு பெயர் கொட்டை எழுத்தில் நிற்க, அந்தப் பெயரையே மறுக்கும் வரி பொடி எழுத்தில் கிடந்தால், அவ்வரி எச்சரிக்கையாகாது. விற்பவருக்கு வழங்கப்பட்ட முன்ஜாமீனாகவே அமையும். உணவு உறைகளில் ஆங்கிலம் அல்லது தேவநாகரி இந்தி கட்டாயம், தமிழ் உள்ளிட்ட பிற மொழிகள் உற்பத்தியாளரின் விருப்பம் என்பதே நடப்பு விதி. ஆகவே, இரவு பத்து மணிக்குத் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கடை வாசலில் நிற்கும் தாய், அந்த ஆங்கில வரியைத் தேடிக் கண்டுபிடித்துப் படித்து, உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் எதுவென்று முன்பே அறிந்தவராகவும் இருந்து, பெட்டியைத் திருப்பித் தந்திருக்க வேண்டும் என்று அனுமதி வழங்கியவர்கள் எதிர்பார்த்தனர் போலும். குறிப்பைக் கவனித்துப் படிப்பது நுகர்வோரின் கடமை என்பதை யாரும் மறுக்கவில்லை. பெயரே பொய் சொல்லும் உறையில் அக்கடமையை அவர் எங்கே தொடங்குவது? அதுவும் மருந்துக்கடையில், மருந்துகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கப்பட்ட பெட்டியில்!

உறையெழுத்தில் இந்த அதிகாரிகள் சறுக்குவது புதிதுமல்ல. 2023 மார்ச்சில் தயிர் உறையில் 'தஹி' என்ற இந்திச் சொல்லை அச்சிட்டு, தயிரை அடைப்புக்குறிக்குள் தள்ளச் சொல்லிவிட்டு, தமிழகமும் கர்நாடகமும் கொதித்தெழுந்தபின் சில நாள்களிலேயே பின்வாங்கியவர்கள் இவர்களே. பால் உறைகளில் 'ஏ1', 'ஏ2' என்ற விளம்பர வாசகங்கள் கூடாது என்று 2024 ஆகஸ்டில் அறிவித்து, ஒரு வாரத்துக்குள் அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றவர்களும் இவர்களே. சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவை முகப்பிலேயே காட்டும் திட்டத்துக்கு 2022 செப்டம்பரில் நட்சத்திரக் குறியீட்டு வரைவொன்றை வெளியிட்டனர். உச்ச நீதிமன்றம் கெடு விதித்தும், மூன்றாண்டுகள் கடந்தும் அது வரைவாகவே கிடந்தது. தயிரின் பெயரை மாற்றுவதில் காட்டிய வேகத்தில் பாதியையாவது இதில் காட்டியிருக்கலாம்.

உறையில் எது, எந்த அளவில், எந்த மொழியில் இடம்பெற வேண்டும் என்பதை வணிக நலனுக்கு அப்பால் நின்று முடிவுசெய்யும் ஒழுங்கு ஒன்று விரைவில் உருவாக வேண்டும். மாநிலங்களின் குரலுக்கும் மருத்துவர்களின் குரலுக்கும் அதில் உரிய இடம் இருக்க வேண்டும். அனுமதியை விலக்கிக்கொண்டதோடு கணக்கு தீர்ந்ததாக அதிகாரிகள் கருதினால், மூன்றாண்டுகளுக்கு மேலாக அந்தப் பெட்டிகளை மருந்தென்று நம்பிப் பணம் கொடுத்த பெற்றோருக்கு, அந்த ஒரு வரி போதும் என்று கையெழுத்திட்டவர் யார் என்பதையாவது அவர்கள் சொல்லியாக வேண்டும்.